ஒரு ரத்தத்துக்கு ரெண்டு விலை

திருப்பூர் பதினைந்து வேலம்பாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே 2006 வாக்கில் நான் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மிஷினும் வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. மனு, ரேஷன் கார்டு விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் அடித்துக் கொடுப்பேன். எங்கள் குடும்பத்தில் தறியை விட்டுவிட்டு வேறு தொழிலுக்கு வந்த முதல் ஆள் நான். குமாரவேல் என்ற என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்காரர் என்றால் தெரியும்.

ஒச்சாயி அக்கா என் கடைக்கு வருகிற ஆள்தான். உசிலம்பட்டிப் பக்கம் இருந்து பதினைந்து வருடத்துக்கு முன்னால் பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். கணவர் குருசாமி சாயப்பட்டறையில் வேலை. மூத்தவள் ஆஷாவுக்கு அப்போது பதினாறு வயது, பத்தாவது முடித்துவிட்டு செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இளையவன் முனீஸ், ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஊருக்கு போன் பேச வருவார். பேசி முடித்ததும் மீட்டரில் விழுந்த தொகையைத் தானே ஒருமுறை உரக்க வாசித்த பிறகுதான் பணம் கொடுப்பார். என்னை நம்பாமல் இல்லை. பழக்கம் அப்படி.

முனீஸ் அடிக்கடி விழுவான். ஓட மாட்டான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுகிற மாதிரி எழுந்திருப்பான். கெண்டைக்கால் மட்டும் கல்லுக் கல்லாகத் தடித்திருக்கும். சத்துக்குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு குழந்தை டாக்டர் அவனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லிப் பார்த்துவிட்டு, கோயமுத்தூரில் நரம்பு டாக்டர் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம்.

அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர். தசை கரைகிற ஒரு நோயாக இருக்கலாம், ரத்தத்தில் ஜீன் பரிசோதனை செய்தால் உறுதியாகத் தெரிந்துவிடும், தொடையில் சதையை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். ரத்தத்தை இங்கே எடுத்து பெங்களூரில் உள்ள ஒரு லேபுக்கு கூரியரில் அனுப்புவார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆகும்.

சீட்டோடு பில் கவுன்டருக்குப் போனபோது அங்கிருந்த பெண் கேட்டாளாம்: "கேஷுங்களா, கார்டுங்களா?"

ஒச்சாயி அக்காவிடம் கார்டு இருந்தது. அவர் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் அந்த வருடம் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் தொழிலாளிகளின் வசதியைப் பார்க்க ஆடிட்டுக்கு வருகிறார் என்றதும், எல்லாத் தொழிலாளிகளுக்கும் குடும்பத்தோடு சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கார்டு ஒன்றைக் கழுத்தில் மாட்டச் சொன்னார்கள். முப்பதாயிரம் ரூபாய் வரைக்கும் வைத்தியம் இலவசம் என்று மைக்கில் சொன்னார்கள். பாலிசிக் காகிதத்தை யாரும் கண்ணில் காட்டவில்லை.

"கார்டு இருக்கு" என்று அக்கா எடுத்து நீட்டினார்.

"அப்ப நீங்க ஒண்ணும் கட்ட வேண்டியதில்லீங்க. ஆனா ரத்தம் குடுத்துட்டு அப்படியே போனா இன்ஷூரன்ஸ்ல தரமாட்டாங்க. பையனை ஒரு நாள் அட்மிஷன் போட்டுக்கலாமுங்க. இப்ப அட்வான்ஸ் ரெண்டாயிரம் மட்டும் கட்டுங்க, அதும் திரும்ப வந்துரும்."

காய்ச்சல்கூட இல்லாமல் எழுந்து நடக்கிற பிள்ளையை ஒரு இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஒரு சிரிஞ்ச் ரத்தம் எடுத்தார்கள். காலையில் ஏதோ காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வாங்கப் போனால், ரிசல்ட் வந்துவிட்டது, ஆனால் தர முடியாது என்றார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் தர மறுத்துவிட்டார்கள். மொத்த பில் பதினாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. அட்வான்ஸ் போகப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பதைக் கட்டிவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்ளலாம். அக்காவுக்கு அது மூன்று மாதச் சம்பளம்.

அன்று மதியம்தான் அவர் பில்லையும் இன்ஷூரன்ஸ் கடிதத்தையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இதுல என்னா எழுதியிருக்காய்ங்கன்னு ஒரு வரி விடாமச் சொல்லு."

நான் வாசித்துச் சொன்னேன். பரிசோதனைக்காக மட்டும் அட்மிஷன் செய்யப்பட்டிருப்பதால் பணம் தர இயலாது. மேலும் பரம்பரை நோய்கள் பாலிசியில் விலக்கப்பட்டவை.

அக்கா கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "பரம்பரை நோய்னு அவய்ங்களுக்கு யாரு சொன்னா?"

"டெஸ்ட்ல வந்திருக்குமுங்க அக்கா."

"டெஸ்ட்டு ரிசல்ட்ட பெத்தவ எனக்கே இன்னும் காட்டல. காட்ட மாட்டேன்னு பூட்டி வச்சிருக்காய்ங்க. பரம்பரையா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் அந்த டெஸ்ட்டே. இவய்ங்க எப்படிப்பா தெரிஞ்சுக்கிட்டு எழுதுனாய்ங்க?"

கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். ரிப்போர்ட் பெங்களூரிலிருந்து வருவதற்கு எட்டு நாள் முந்திய தேதி.

இருந்தாலும் நான் சொன்னதை மறைக்காமல் எழுத வேண்டும். "அக்கா, பெரிய இடத்தோட நமக்கு எதுக்குங்க வம்பு? எங்காச்சும் பொரட்டிக் கட்டிட்டு ரிப்போர்ட்ட வாங்கிக்கலாமுங்க. பையன் வைத்தியம் நிக்கக் கூடாதில்லீங்களா?" என்றேன். அவர் வீட்டுக்காரர் குருசாமியும் அதையேதான் சொல்லியிருக்கிறார். பட்டறை முதலாளியிடம் முன்பணம் கேட்டுப் பார்க்கிறேன் என்று அவர் கிளம்பியபோது, "போனீன்னா அப்படியே அங்கிட்டே இருந்துக்க" என்று சொல்லி அக்கா நிறுத்திவிட்டார்.

"கட்ட மாட்டேன்னு சொல்லல தம்பி" என்றார் என்னிடம். "அந்த டெஸ்ட்டு எம்புட்டுன்னு தெரியாமக் கட்ட மாட்டேன். சதையக் கரைக்கிற நோயின்னாங்க, சரின்னேன். பணத்தையும் கரைக்கிறேன்னா எப்படி?"

பில்லில் ஜீன் பரிசோதனைக்கு மட்டும் ஒன்பதாயிரத்து ஐநூறு போட்டிருந்தார்கள். என் கடை போனிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் பேசலாம் என்றார் அக்கா. அவர் குரல் அங்கே பழகிப்போயிருக்கும் என்பதால் ஆஷாவைப் பேசவைத்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

"தசை நோய்க்கு ஜீன் டெஸ்ட் எடுக்கணுங்க. எவ்வளவு ஆகும்?"

"கேஷுங்களா, கார்டுங்களா?"

ஆஷா அம்மாவைப் பார்த்தாள். முதலில் கேட்டதைச் சொல் என்று அக்கா ஒரு விரலைக் காட்டினார். "கேஷு."

"நாலாயிரத்து இருநூறுங்க. காலைல வெறும் வயித்துல எல்லாம் வர வேண்டியதில்லீங்க, எப்ப வேணாலும் வரலாம்."

"கார்டு இருந்தா?"

"கார்டுன்னா ஒம்பதாயிரத்து ஐநூறுங்க. ஆனா நீங்க எதும் கட்ட வேண்டியதில்லீங்களே."

போனை வைத்த பிறகு ஆஷா சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்த அன்று கொடுத்திருந்த சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் பெங்களூர் லேபின் நம்பர் இருந்தது. அதற்கும் போட்டோம். எந்த ஆஸ்பத்திரி அனுப்பினாலும் எங்களுக்கு மூவாயிரம்தான் என்றான் அங்கே இருந்த ஆள், கன்னடம் கலந்த தமிழில்.

"ஒரே ரத்தம். ஒரே குப்பி. ஒரே லேபு" என்று அக்கா விரல் விட்டுச் சொன்னார். "எங்கிட்ட கார்டு இருக்குன்னு தெரிஞ்சதும் ரத்தம் வெலை ஏறிருச்சு. கார்டுக்காரன் கைய விரிச்சதும் அந்த வெலைய என் தலைல கட்டுறாய்ங்க. கார்டே இல்லாதவளா இருந்திருந்தா நான் இந்நேரம் ரிப்போர்ட்டோட ஊட்ல இருந்திருப்பேன்ல?"

வீட்டை 'ஊடு' என்கிற கொங்குப் பேச்சு பதினைந்து வருடத்தில் அவர் வாயில் ஏறிவிட்டிருந்தது. கோபம் வந்தால்தான் அது தெரியும்.

போனில் சொன்னது நாளைக்கு நிற்காது, எழுத்தில் வேண்டும் என்று நான் சொன்னேன். அதுதான் இந்த விஷயத்தில் நான் செய்த முதல் உருப்படியான காரியம். பக்கத்து லைன் வீட்டில் ரோஸ்மேரி என்று ஒரு பெண் இருந்தாள், தூத்துக்குடிப் பக்கம், கம்பெனியில் அக்காவோடு ஒரே மிஷின் வரிசையில் தைக்கிறவள். அவள் ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கோயமுத்தூர் போனாள். அக்காள் மகனுக்கு இந்த டெஸ்ட் எடுக்கணும், கையில் காசுதான், செலவு எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிப் பணம் வாங்குவேன் என்று கேட்டிருக்கிறாள். கவுன்டரில் இருந்தவர்கள் தங்கள் சீட்டிலேயே எழுதி, சீலும் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஜீன் பரிசோதனை நாலாயிரத்து இருநூறு, இன்னொரு ரத்தப் பரிசோதனை நானூற்று ஐம்பது, டாக்டர் கட்டணம் இருநூற்று ஐம்பது. ஆக நாலாயிரத்துத் தொள்ளாயிரம்.

அட்வான்ஸ் ரெண்டாயிரம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மீதி ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தை எடுத்துக்கொண்டு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கவுன்டரில் பணத்தை வைத்து, "ரசீது குடுங்க, ரிப்போர்ட்டும் குடுங்க" என்றார். அந்தப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். டை கட்டிய மேனேஜர் வந்தார்.

"அம்மா, நீங்க கார்டு பேஷன்ட்டா அட்மிட் ஆயிருக்கீங்க. கார்டு ரேட்தான் போடமுடியுமுங்க."

"கார்டு செல்லாதுன்னு நீங்கதானய்யா சொல்றீக. செல்லாத கார்டுக்கு எதுக்கு ரேட்டு?"

"அட்மிஷன் போட்டமில்லீங்களா, ரூம் சார்ஜ் இருக்குது, நர்ஸிங் சார்ஜ் இருக்குது…"

"எம்புள்ளைக்குக் காச்சலா, வாந்தியா? எதுக்குப் படுக்க வச்சீக? நாங்க கேட்டமா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் குரலைத் தணித்து, ஆயிரம் ரூபாய் வேண்டுமானால் குறைக்கலாம் என்றார். "நான் காய்கறி வாங்க வரல" என்றார் அக்கா. செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்கள். செக்யூரிட்டிக்கு ஐம்பது வயதிருக்கும், அவரும் மதுரைப் பக்கம்தான் போல. "வாங்கத்தா, வெளிய பேசிக்கலாம்" என்றார். அக்கா அவரிடம் சண்டை போடவில்லை. பணத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு தானாகவே வெளியே வந்தார்.

தோற்றுவிட்டோம் என்று நான் நினைத்தேன். அக்கா நேராக வழியில் இருந்த ஒரு தபால் நிலையத்துக்குள் நுழைந்தார். அந்த ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தை அந்த ஆஸ்பத்திரி மேனேஜருக்கே மணியார்டர் செய்தார். செய்தி எழுதுகிற இடத்தில் என்னை எழுதச் சொன்னது இது: 'என் மகன் முனீஸ் ரத்தப் பரிசோதனைக்கு ரொக்க விலைப்படி மீதித் தொகை. இப்படிக்கு ஒச்சாயி.' பத்து நாளில் மணியார்டர் திரும்பி வந்தது. வாங்க மறுத்துவிட்டார்கள் என்று தபால்காரர் எழுதியிருந்தார். அந்தக் காகிதத்தை அக்கா என்னிடம் கொடுத்து, "இத ரெண்டு ஜெராக்ஸ் போடு" என்றார். பணம் கட்டாமல் ஓடியவள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதற்குத்தான் அந்த மணியார்டர் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம் என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்திருந்தேன். மனுவைத் தமிழிலேயே எழுதினோம். நான் சட்டப் புத்தகம் மாதிரி ஏதேதோ எழுத, அவர் ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, புரியாததையெல்லாம் அடிக்கச் சொன்னார். கடைசியில் ஒன்றரைப் பக்கம்தான் மிஞ்சியது. ஆஸ்பத்திரி முதல் எதிர்தரப்பு, இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டாவது.

நோட்டீஸ் போன வாரமே விஷயம் கம்பெனிக்கு வந்துவிட்டது. காண்ட்ராக்டர் அய்யாசாமி, மிஷினில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க ஒச்சாயி, மேல ஆபீஸ்ல சங்கடப்படறாங்க. பையர் வர்ற நேரத்துல கம்பெனி கார்டு மேல கேஸுன்னா நல்லா இருக்குங்களா? வாபஸ் வாங்கிக்கங்க. இல்லீன்னா நாளையிலிருந்து…"

அவரை முடிக்கவிடவில்லை. அக்கா தைத்துக்கொண்டிருந்த பீஸை முடித்து, நூலைக் கத்தரித்து, தன் சொந்தக் கத்தரியையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு எதுக்கு, இப்பவே போறேன். திருப்பூர்ல ஓவர்லாக் அடிக்கிறவளுக்கா வேலை இல்ல?"

அது உண்மை. அந்த வருடங்களில் ஒவ்வொரு கேட்டிலும் 'டெய்லர்கள் தேவை' என்று போர்டு தொங்கும். அன்று மதியமே அவர் நான்கு தெரு தள்ளி இன்னொரு கம்பெனியில் உட்கார்ந்துவிட்டார். ஷிப்டுக்கு எட்டு ரூபாய் கூடுதல். அங்கே இ.எஸ்.ஐ.யில் பெயர் சேர்த்தால்தான் வருவேன் என்று கேட்டு, சேர்த்த பிறகுதான் தைக்கத் தொடங்கினார்.

முதல் விசாரணையில் மன்றத் தலைவர் மனுவைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி வக்கீலிடம் ஒன்றே ஒன்று சொன்னார். பில் தகராறு ஒருபக்கம் இருக்கட்டும், குழந்தையின் ரிப்போர்ட்டை அடுத்த வாய்தாவில் அம்மா கையில் கொடுத்துவிட வேண்டும் என்றார். கொடுத்தார்கள். வராந்தாவில் வைத்து அக்கா உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினார். எனக்கு எண்களும் எழுத்துகளும் தெரிந்தன, அர்த்தம் தெரியவில்லை.

"வா, அந்த டாக்டரம்மாகிட்டயே போவோம்" என்றார்.

"அக்கா, அதே ஆஸ்பத்திரிக்குங்களா?"

"சண்டை கவுன்டரோட. டாக்டரம்மாவோட எனக்கென்ன சண்டை?"

அதே கவுன்டரில் இருநூற்று ஐம்பது ரூபாய் கட்டி, ரசீது வாங்கி, வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எதையும் மறைக்கவில்லை. சந்தேகப்பட்ட நோய்தான். தசை கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். பத்து, பதினோரு வயதில் நடக்க முடியாமல் போகலாம். முழுக்கக் குணமாக்க மருந்து இல்லை. ஒரு மாத்திரை இருக்கிறது, அதைக் கணக்காகக் கொடுத்தால் சில வருடம் தள்ளிப்போடலாம். உடற்பயிற்சி சொல்லித் தருவார்கள். இதயத்தை வருடா வருடம் பார்க்க வேண்டும்.

"உங்க குடும்பத்துல ஆம்பளைப் பசங்க யாருக்காவது இப்படி இருந்ததுங்களா?"

அக்கா கையிலிருந்த வெற்று உறையை இரண்டாக மடித்தார். "எந்தம்பி ஒருத்தன். இவன மாதிரியேதான் எந்திரிப்பான். பதினேழு வயசுல போய்ட்டான். எங்கம்மா ஏதோ பாவம் செஞ்சவன்னு எங்கப்பா வீட்டாளுக அவ சாகுற வரைக்கும் சொன்னாங்க. நல்லது கெட்டதுக்கு அவள முன்னால விட மாட்டாங்க."

"இது பாவமெல்லாம் இல்லம்மா. ஜீன்ல ஒரு துண்டு விட்டுப்போயிருக்குது. அம்மா வழியா வர்றது. அம்மா உடம்புல ஒண்ணும் தெரியாது, பசங்களுக்குத்தான் நோயா வரும். யாரும் செஞ்ச தப்பு கிடையாது."

"அப்ப எங்கம்மா மேல குத்தமில்ல?"

"இல்ல. உங்க மேலயும் இல்ல."

"அத எழுதிக் குடுக்கிறீகளா? தமிழ்ல?"

டாக்டரம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு மருந்துச் சீட்டு ஒன்றை எடுத்து, நோயின் பெயர், அது எப்படி வருகிறது, இது யாருடைய குற்றமும் இல்லை என்று நான்கு வரி தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அக்கா அதை வாங்கிப் பிளவுஸுக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் அவிநாசி தாண்டும்வரை ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தச் சீட்டை அப்பா வழிச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு வந்தார் என்று பிறகு ஆஷா சொன்னாள். ஒரு சித்தப்பா எழுந்து போய்விட்டாராம். அவர் பின்னாலேயே போய் வாசித்தாராம்.

வழக்கு பதினாறு மாதம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். ஆஸ்பத்திரி வக்கீல் நிறையப் பேசினார். ரோஸ்மேரி வாங்கிய எஸ்டிமேட் ஏமாற்றி வாங்கியது என்றார்.

"ஏமாத்தி வாங்குனா வெலை மாறுமாய்யா?" என்று அக்கா கேட்டார். தலைவர் அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். ஆனால் அதே கேள்வியை வக்கீலிடம் அவரே திருப்பிக் கேட்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பணம் வரத் தாமதமாகும், காகித வேலை அதிகம், அதனால்தான் கார்டு விலை கூடுதல் என்றார் வக்கீல்.

"இந்த வழக்கில் இன்ஷூரன்ஸ் பணம் வரவே இல்லையே? வராத பணத்தின் தாமதத்துக்கு இந்த அம்மா ஏன் விலை கொடுக்க வேண்டும்?" என்றார் தலைவர்.

தீர்ப்பு 2008 மார்ச்சில் வந்தது. ஆஸ்பத்திரி ரொக்க விலையை மட்டுமே வாங்கலாம். ஒச்சாயி அக்காவுக்கு இழப்பீடு ஐயாயிரம், செலவுத் தொகை ஆயிரம். பரிசோதனைக் கட்டணங்களைக் கவுன்டரில் எழுதி வைக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி மீதான புகார் தள்ளுபடி. பரிசோதனைக்கு மட்டும் அட்மிஷன் போட்டால் பணம் கிடையாது என்று பாலிசியில் இருப்பதால் அவர்கள் மறுத்தது செல்லும் என்று எழுதியிருந்தது. ரிசல்ட் வருவதற்கு முன்பே பரம்பரை நோய் என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் எழுதியதைத் தலைவர் ஒரு வரியில் கண்டித்திருந்தார். அவ்வளவுதான்.

"அப்ப கார்டுக்காரன் தப்பிச்சுட்டான்" என்றார் அக்கா.

"பாதி ஜெயிச்சிட்டமுங்க அக்கா."

"பாதி ஜெயிக்கிறதுக்கா நான் கேஸு போட்டேன்?"

அப்பீல் போகப் பணமும் நாளும் இல்லை. அதற்குப் பதிலாக அவர் செய்த காரியம் இது. தீர்ப்பில் பாலிசியைப் பற்றி வந்த பக்கத்தை நான் தமிழில் அடித்துக் கொடுத்தேன். இந்தக் கார்டில் எதற்குப் பணம் வரும், எதற்கு வராது, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கச் சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்று ஒரே பக்கத்தில். முந்நூறு பிரதி. பழைய கம்பெனி கேட்டில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம் நின்று கொடுத்தார். வாட்ச்மேன் சாமியப்பன் தடுக்கவில்லை, தனக்கும் ஒன்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அய்யாசாமி வெளியே வந்து பார்த்தார். "எதுக்குங்க இதெல்லாம்" என்று மட்டும் கேட்டுவிட்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் விலைப் பலகை வைத்தார்களா என்று பார்க்க ஒருமுறை போனார். வைத்திருந்தார்கள், ஆங்கிலத்தில், ஒரு பூந்தொட்டிக்குப் பின்னால். அக்கா தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, தமிழில் வேண்டும் என்று புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தார். அடுத்த முறை முனீஸுக்கு இதயம் பார்க்கப் போனபோது தமிழிலும் இருந்தது.

முனீஸ் பத்தரை வயதில் நடப்பதை நிறுத்தினான். ஆறாம் வகுப்பு மாடியில் நடந்தது. படியில் தூக்கிக்கொண்டு போங்கள் அல்லது வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன தலைமையாசிரியரிடம், வகுப்பைத்தான் கீழே கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, நான்கு நாள் பள்ளி வாசலில் அவனோடு உட்கார்ந்தார் அக்கா. ஐந்தாம் நாள் பெஞ்சுகள் கீழே வந்தன. முனீஸுக்கு அம்மா செய்தது பிடிக்கவில்லை, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று ஒரு வாரம் பேசவில்லை. கணக்கில் அவன் கெட்டிக்காரன். கிரிக்கெட் ஸ்கோர் எழுத எல்லா டீமும் அவனைத்தான் தள்ளிக்கொண்டு போகும்.

ஆஷாவின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. நோய் வந்த பையனின் அக்காள் தங்கைகளுக்கும் அந்த ஜீன் இருக்கலாம், இருந்தால் அவர்களுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளுக்கு வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெண்களுக்குப் பார்க்கிற பரிசோதனை 2009-இல்தான் அந்த லேபுக்கு வந்தது. விலை ஆறாயிரத்து ஐநூறு. எந்த இன்ஷூரன்ஸிலும் கிடையாது, இ.எஸ்.ஐ.யிலும் அன்றைக்கு வழி தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் சாத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், மாரிச்செல்வம், கட்டிங் மாஸ்டர், ஆஷாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வீட்டாரோடு பெண் கேட்டு வந்தான். முனீஸைப் பார்த்த மாரிச்செல்வத்தின் அக்காள், டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் காட்டினால் நிச்சயம் பண்ணலாம், செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம் என்றாள்.

குருசாமி தலையாட்டினார். எல்லோரும் ஒச்சாயி அக்காவைப் பார்த்தார்கள். "எங்கிட்ட எதுக்குக் கேக்கிறீக? ரத்தம் அவளோடது" என்றார் அவர்.

ஆஷா டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சொன்னாள்: "டெஸ்ட் எடுப்பேன். என் காசுல எடுப்பேன். ரிப்போர்ட்ட நான் பாப்பேன். காட்டுறதுக்கு அது ஜாதகமில்ல. உங்க தம்பி தனியா வந்து கேட்டா, அவர்கிட்ட என்ன சொல்லணுமோ அத நான் சொல்லிக்கிறேன்."

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஆஷா ஆறு மாதம் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து, அவளே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். ரிப்போர்ட் அவள் பெயருக்குத் தபாலில் வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வம் தனியாக வந்தான். இரண்டு பேரும் என் கடைக்கு எதிரே இருந்த பேக்கரியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும் நேரத்துக்கு அவன் அக்காளும் வந்து சேர்ந்தாள்.

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த ஒச்சாயி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், ஆஷாவின் ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்று.

"எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "கேட்டேன். ஒனக்கு எதுக்குன்னு என்னையவே வெரட்டிட்டா." சொல்லிவிட்டுப் பெருமை தாங்காமல் சிரித்தார். பிறகு, "சாம்பார் வாளி எங்க போச்சு?" என்று கத்திக்கொண்டே சமையல்காரரைத் தேடிப் போனார்.